கோல் அடித்தவர் கோச் ஆகலாமா?

வணக்கம் சார்,

தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர் ஃபுட்பால் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஃபார்வர்டுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்து, இனி ஆட முடியாது என்றாகிவிட்டது. அவரையே கோச்சாகப் போடலாம் என்கிறார்கள் பையன்கள். "கோல் அடிக்கிறதைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள் பெரியவர்கள். இங்கிலாந்தில் ஃபார்வர்டாக ஆடி மேனேஜரான பிரையன் கிளஃப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்களே, அவர் கதை எங்களுக்குப் பொருந்துமா? கடைசி மூன்று மேட்சில் ஒன்பது கோல் வாங்கியிருக்கிறோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முட்டியிலிருந்தே பொருந்துகிறது. 1962 டிசம்பர் 26 அன்று எதிரணி கோலியோடு மோதியதில்தான் கிளஃபின் ஜவ்வும் போனது. 29 வயதில் ஆட்டத்தை விட்டார். 274 லீக் மேட்ச், 251 கோல்.

பெரியவர்களிடம் இன்னொரு கணக்கையும் சொல்லுங்கள். 1960 அக்டோபரில் கிளஃப் ஆடிய மிடில்ஸ்பரோவும் சார்ல்டனும் 6-6 டிரா. கிளஃப் மூன்று கோல் அடித்தும் ஜெயிக்க முடியவில்லை. முன்னால் இவர் அள்ளிப் போட, பின்னால் ஓட்டைப் படகு. அந்த எரிச்சலை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். மேனேஜராகி நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியை அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். ஏறிய முதல் சீசனிலேயே, 1977-78இல், சாம்பியன். 42 மேட்சில் வாங்கியது 24 கோல்தான். ஃபார்வர்டு ட்ரெவர் பிரான்சிஸுக்குக் கொடுத்த பத்து லட்சம் பவுண்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் கோலி பீட்டர் ஷில்டனை வாங்கியதுதான் பெரிய காரியம். பர்மிங்காமில் ஃபார்வர்டாக ஆடிய கென்னி பர்ன்ஸைக் கூட்டிவந்து சென்டர் பேக்காக, அதாவது நடுவில் தடுப்பவராக, நிறுத்தினார். 1979, 1980 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்கள் இரண்டையும் ஃபாரஸ்ட் ஜெயித்தது 1-0 என்றுதான்.

ஆகவே உங்கள் ஆளை முதல் மாதம் ஷூட்டிங் பழக்க விடாதீர்கள். "இப்படி அடிடா" என்பார்; எப்படி என்று அவருக்கே சொல்ல வராது. பேக் நான்கு பேரையும் அவரிடம் ஒப்படையுங்கள். வலைக் கயிற்றில் எட்டு மீட்டருக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஓர் ஆள். கையில்தான் பிடிக்க வேண்டும். இடுப்பில் கட்டினால் ஒருவன் விழும்போது மற்றவனையும் இழுத்துவிடுவான். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். பந்து வலப்பக்கம் போனதும் லெஃப்ட் பேக் நின்ற இடத்திலேயே நிற்பான், கயிறு விறைக்கும். எதிரே நிற்கும் உங்கள் ஃபார்வர்டு அப்போது கத்த வேண்டும்: "நான் இந்நேரம் உள்ளே போயிருப்பேன்!" அவரிடம் இருக்கும் படிப்பு அதுதான். கயிற்றுத் தொய்வு மாறாமல் நால்வரும் சேர்ந்து நகரப் பழகியபின் கயிற்றை எடுத்துவிடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கு எதிரே உயரத் தூக்கி அடித்தால் பந்து நம் தலைக்கே திரும்பும். தரையோடு பாஸ், இல்லாவிட்டால் பக்கவாட்டில் வெளியே.

ஒன்று விட்டுப்போனது. கிளஃப் தனியாக ஜெயித்தவரில்லை. லீட்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனபோது அவருடைய துணை பீட்டர் டெய்லர் உடன் வரவில்லை. கிளஃப் 44 நாளில் வெளியே. 1982இல் டெய்லர் போனபின் ஃபாரஸ்ட் லீக்கை மறுபடி ஜெயிக்கவேயில்லை. அந்த டெய்லர், மிடில்ஸ்பரோவில் கிளஃபோடு ஆடிய கோலி. உங்கள் ஊரில் பழைய கோலி யாராவது சும்மா இருக்கிறாரா?