அணு ஆயுத மிரட்டல்: முடிவெடுக்க எத்தனை நிமிடம்?

அணு ஆயுதக் கொள்கை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, "அணுகுண்டைப் போடத் தயங்க மாட்டோம்" என்று தலைவர்கள் பேசுவது வெறும் மிரட்டலா? உண்மையிலேயே செய்வார்களா?

பதில்: பேச்சைவிட நடமாட்டத்தைக் கவனியுங்கள். கிடங்கிலிருந்து குண்டுகள் வெளியே வருகின்றனவா, நீர்மூழ்கிகள் வழக்கத்துக்கு மாறாகக் கடலுக்குக் கிளம்புகின்றனவா என்றுதான் எதிர்த்தரப்பு உளவுத்துறை பார்க்கும். 2022 பிப்ரவரி 27 அன்று அணு ஆயுதப் படைகளைச் சிறப்புத் தயார்நிலையில் வைக்கும்படி புதின் உத்தரவிட்டார். களத்தில் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை என்றது அமெரிக்கா. அதற்காக வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் மாட்டேன். ஒருவர் மிரட்டினால் மற்றவரும் விழிப்பைக் கூட்டுவார். இரு பக்கமும் அப்படி விறைத்து நிற்கும்போதுதான் சின்னத் தவறு பெரிதாகிறது.

கேள்வி: யாரும் விரும்பாமல், தவறுதலாக அணுப்போர் மூளுமா?

பதில்: என் பெரிய பயமே அதுதான். 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்காப்பு மையத்தின் திரைகளில் சோவியத் தாக்குதல் ஒன்று தெரிந்தது. உண்மையில் அது பயிற்சிக்காகத் தயாரித்த தரவு. 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு கடந்த நேரம் சோவியத் பக்கம் அதே கதை. அமெரிக்காவிலிருந்து ஒரு ஏவுகணை, அடுத்து மேலும் நான்கு வருவதாகச் செயற்கைக்கோள் எச்சரித்தது. பணியில் இருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், முதல் அடி அடிப்பவன் ஐந்தே ஐந்து ஏவுகணையா அனுப்புவான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணியிருந்தது. கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. எதையும் நம்பத் தயாரான மனநிலை.

பனிப்போர் முடிந்த பிறகும் இது நடந்தது. 1995 ஜனவரி 25 அன்று, துருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஏவிய ராக்கெட்டை ரஷ்ய ரேடார் சந்தேகித்தது. ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் அணு ஆயுதக் கட்டளைப் பெட்டி திறக்கப்பட்டது. நார்வே முன்பே தகவல் சொல்லியிருந்தது, ஆனால் ரேடார் நிலையம் வரை அது போய்ச் சேரவில்லை.

கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து விழச் சுமார் 30 நிமிடம். அருகிலுள்ள நீர்மூழ்கியிலிருந்து வந்தால் அதைவிடக் குறைவு. பார்த்து, உறுதிசெய்து, தலைவரை எழுப்பிச் சொல்வதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சம் சில நிமிடங்கள். எந்த நாட்டின் கொள்கையானாலும், இந்த நிமிடங்களைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் 1962-இல் வந்த நெருக்கடியில், அமெரிக்க அதிபர் கென்னடி உறுதியாக நின்றதால்தானே சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்தார்?

பதில்: பாதிக் கதை அது. துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாக வாக்குக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அதை மறைத்தும் வைத்தார்கள். பிற்காலத் தலைவர்கள் "விட்டுக்கொடுக்காமலே ஜெயித்தோம்" என்ற தவறான பாடத்தைப் படித்ததற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம் என்பேன். அதே நெருக்கடியில், 1962 அக்டோபர் 27 அன்று மாஸ்கோவுடன் தொடர்பற்று, அமெரிக்கக் கப்பல்களின் எச்சரிக்கைக் குண்டுகளுக்கிடையே சிக்கிய சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியின் கேப்டன், போர் தொடங்கிவிட்டது என்று நினைத்து அணு டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னார். உடனிருந்த மூத்த அதிகாரி வாசிலி அர்கிபோவ் அவரைத் தணித்தார். வாஷிங்டனில் யாருக்கும் அந்த டார்பிடோ இருப்பதே தெரியாது.

கேள்வி: சார், முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று இந்தியா சொல்வது பலவீனம் இல்லையா? பாகிஸ்தான் அப்படிச் சொல்லவில்லையே?

பதில்: நான் அதைப் பலமாகவே பார்க்கிறேன். 2003 ஜனவரி 4 அன்று அறிவித்த கொள்கையில், அணு ஆயுதத்தால் தாக்கினால் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. உயிரியல், ரசாயன ஆயுதத் தாக்குதலுக்கு விதிவிலக்கும் உண்டு. முந்திக்கொள்ள வேண்டிய அவசரம் நமக்கு இல்லை. நாம் முந்துவோமோ என்ற பதற்றம் எதிரிக்கும் குறைகிறது. சீனா 1964-இல் முதல் சோதனை நடத்திய நாளிலேயே இதே உறுதியைக் கொடுத்தது.

ஆனால் முதல் அடியைத் தாங்கி எழும் படை இல்லாவிட்டால் இந்த உறுதிக்கு அர்த்தமில்லை. அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிகள் அதற்காகத்தான். எதிர்காலத்தில் சூழ்நிலையைப் பொறுத்தே முடிவு என்று 2019 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் சொன்னது எனக்குக் கவலை தந்தது. இப்படிப்பட்ட உறுதிமொழி, மாறாது என்று எதிரி நம்பும்வரைதான் வேலை செய்யும்.

கேள்வி: ஏவுகணைத் தடுப்புக் கவசம் வந்தபின் ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: ஓரிரண்டைத் தடுக்கலாம். போலி முனைகளோடு நூற்றுக்கணக்கில் வந்தால் இன்றைய எந்தக் கவசமும் தாங்காது.

கேள்வி: உக்ரைன் அணு ஆயுதங்களைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?

பதில்: அவை அதன் மண்ணில் இருந்தன, ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடம் இருந்தது. வைத்துக்கொண்டிருந்தாலும் உடனே பயன்பட்டிருக்காது. என்றாலும் 1994 புடாபெஸ்ட் ஆவணத்தில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்ட ரஷ்யாவே படையெடுத்தது பெரிய துரோகம். இனி ஒரு நாட்டிடம் போய் "ஆயுதத்தைக் கைவிடு, நாங்கள் உறுதி தருகிறோம்" என்று எந்த முகத்தோடு கேட்பார்கள்?

கேள்வி: அப்படியென்றால் ஒப்பந்தங்கள் வெறும் காகிதம்தானே?

பதில்: இல்லை. 1980-களின் நடுவில் உலகில் சுமார் 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இப்போது சுமார் 12,000. ஒப்பந்தமும், அதன்படி நேரில் போய்ச் சரிபார்ப்பதும் இல்லாமல் இது நடந்திருக்காது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, பரஸ்பரம் அவற்றைத் தாக்குவதில்லை என்ற உடன்பாட்டின்படி. 1992-இல் தொடங்கியது, கார்கில் போருக்குப் பிறகும் நிற்கவில்லை.

கேள்வி: மனிதர்கள்தானே பதறுகிறார்கள்? முடிவைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால் தவறு குறையாதா?

பதில்: கூடவே கூடாது. 2024 நவம்பரில் லிமாவில் சந்தித்த பைடனும் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். மற்ற நாடுகளும் இதில் சேர வேண்டும். பெத்ரோவைப் பற்றி மேலே எழுதியபோது ஒன்றைச் சொல்லவில்லை. அன்று அந்தக் கணினி, தன் எச்சரிக்கையின் நம்பகத்தன்மை உச்ச அளவில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.