பயம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, செத்துவிடுவேன் போலிருக்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் சரி என்கிறார்கள். அப்படியானால் இது என்ன?

பதில்: பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் பீதி. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும் மரத்துப்போவதும் அதனால்தான். ஒரு முறை வந்தால் நோயாகாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போது' என்ற பயம் ஒரு மாதமாவது நீடித்தால்தான் பேனிக் கோளாறு. தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது வரும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் பழைய ஈசிஜியை நம்பி வீட்டிலிருக்க வேண்டாம்.

கேள்வி: அந்தப் பயத்தால் ஆறேழு மாதமாகப் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. கடைக்குப் போகவும் துணை வேண்டும்.

பதில்: இது அகோராபோபியா. நடுவழியில் ஏதாவது ஆனால் தப்பிக்க முடியாதே, உதவிக்கு யாரும் இல்லையே என்ற பயம். தவிர்க்கும்போது உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. பயப்படும் இடங்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள். 30, 40 உள்ளதில் தொடங்குங்கள்: கூட்டமில்லாத நேரத்தில் ஒரே ஒரு ஸ்டாப் பயணம். படபடப்பு வந்தாலும் நடுவில் இறங்காதீர்கள், அது குறையும்வரை இருங்கள். முடிந்தால் தினமும். எளிதான பிறகு இரண்டு ஸ்டாப், பிறகு கூட்ட நேரம். பலருக்கு இங்கேதான் பயிற்சி வீணாகிறது: கையில் மாத்திரை, தண்ணீர் பாட்டில், போனில் கணவர். 'அவை இருந்ததால்தான் தப்பித்தேன்' என்றே மனம் கணக்கெழுதும். ஒவ்வொன்றாக விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. எதற்கெடுத்தாலும் கவலை. சுபாவம்தானே?

பதில்: பணம், பிள்ளைகள், உடம்பு என்று தாவித் தாவி, பெரும்பாலான நாட்களில், 6 மாதத்துக்கு மேல் அடக்க முடியாத கவலை, கூடவே தூக்கமின்மை, கழுத்து இறுக்கம், எரிச்சல் இருந்தால் அது பொதுப் பதற்றக் கோளாறு. இந்த வயதில் புதிதாகத் தொடங்கியிருந்தால் தைராய்டையும் சாப்பிடும் மருந்துகளையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா?

பதில்: இரண்டு வகையையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்றத்தை அடக்கும் மாத்திரைகள் உடனே கேட்கும். நாட்பட்டால் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு, பதற்றத்துக்கான மருந்துகள் அப்படி அடிமையாக்குவதில்லை. ஆனால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம். அதனால்தான் செர்ட்ராலினைப் பலருக்கு 25 மில்லிகிராமில் தொடங்குகிறோம். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் விட்டுவிடுவதும் அந்த இரண்டு வாரத்தில்தான். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

கேள்வி: மகள் ஓயாமல் கை கழுவுகிறாள். 'சுத்தமாயிடுச்சா' என்று என்னையே கேட்கிறாள்.

பதில்: இது ஓசிடி: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடு இதைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது. செர்ட்ராலின் போன்ற மருந்தின் அளவும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். நீங்கள் 'ஆச்சு' என்று சொல்லச் சொல்லக் கேள்வி கூடும். சிகிச்சையாளரோடு பேசி, அவளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்தப் பதிலைப் படிப்படியாக நிறுத்துங்கள்.