ஜப்பானில் 10 நாள், ரயிலிலேயே: எத்தனை ஊர் போகலாம், ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கணவன் மனைவி இருவர், முதல் வெளிநாட்டுப் பயணம், ஏப்ரல் கடைசியில் 10 நாள் லீவு. சென்னையிலிருந்து கிளம்பி டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, டகயாமா, கனஸவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஒன்பது ஊரையும் ரயிலிலேயே சுற்றிவிட்டு டோக்கியோவுக்கே திரும்பி விமானம் ஏற வேண்டும். மனைவிக்கு ஃபுஜி மலை பார்க்க வேண்டும், மீன் சாப்பிட மாட்டார். இதற்கு 7 நாள் ஜே.ஆர். பாஸ், அதாவது நாடு முழுக்க ஜே.ஆர். ரயில்களில் இஷ்டத்துக்குச் சுற்றும் டிக்கெட், வாங்கலாமா?

பாஸ் வேண்டாம், ஒன்பது ஊரும் வேண்டாம், டோக்கியோவுக்குத் திரும்பவும் வேண்டாம். ஏப்ரல் கடைசி சுத்தமாக வேண்டாம்.

தேதியை முதலில் மாற்றுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே அடுத்தடுத்து அரசு விடுமுறைகள், கோல்டன் வீக் என்பார்கள். பொங்கலுக்கு முதல் நாள் கிளாம்பாக்கம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த வாரம் எல்லா ஸ்டேஷனும். வேகமான நொஸோமி புல்லட் ரயில்களில் அந்த நாட்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது, ஹோட்டல் வாடகையும் எகிறிவிடும். ஆபீஸில் கெஞ்சியாவது லீவை மே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள், வெயிலும் இருக்காது குளிரும் இருக்காது. ஜூனுக்குப் போனால் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஊர்கள். ஜப்பான் ரயில்கள் ஆசை காட்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ நொஸோமியில் இரண்டே கால் மணி நேரம், அங்கிருந்து ஹிரோஷிமா ஒன்றே முக்கால் மணிக்குள். எல்லாம் பக்கம்தானே என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் நேரத்தைத் தின்பது ரயில் இல்லை, ஹோட்டல் மாறுவது. காலை 10, 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், புது அறை மதியம் 3 மணிக்குத்தான். நடுவில் சூட்கேஸோடு ஸ்டேஷன் படிக்கட்டு, லாக்கர், பசி, "நீதானே மேப் பார்த்தே" சண்டை. ஆகவே எத்தனை ஊர் பார்க்கப்போகிறோம் என்று எண்ணாதீர்கள், எத்தனை முறை அறை மாற்றப்போகிறோம் என்று எண்ணுங்கள்.

என் கணக்கில் டோக்கியோ 4 இரவு, கியோட்டோ 3, ஹிரோஷிமா 1, ஒசாகா 1. நிக்கோவுக்கு டோக்கியோவின் அசகுசாவிலிருந்து டோபு கம்பெனி ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டோக்கியோவில் தங்கியபடியே காலையில் போய் இரவு வந்துவிடலாம். நாராவும் கியோட்டோவிலிருந்து ஒரு நாள் வேலைதான், போகிற வழியிலேயே ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வாசல் வரிசை இருக்கிறது, கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து அதே நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் வருவதற்குள் மேலே ஏறி இறங்கிவிட்டு அடுத்த ரயிலில் நாராவுக்குப் போய் மான்களுக்கு பிஸ்கட் கொடுக்கலாம். டகயாமா, கனஸவா, ஹகோனே மூன்றையும் அடித்துவிடுங்கள். கனஸவா அருமையான ஊர், அதை வெட்ட எனக்கே மனசில்லை, ஆனால் அதைச் சேர்த்தால் ஹிரோஷிமாவை விட வேண்டும். இரண்டில் எது என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கம் இருக்கிற கான்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி போடுங்கள். விமான நிறுவனத் தளங்களில் மல்ட்டி சிட்டி என்று தனியாக இருக்கும், அதில் போட்டால் போக வர டிக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் விலை வரும். இரண்டு ஒருவழி டிக்கெட்டாக வாங்கிவிடாதீர்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் எது வழியாகப் போனாலும் இரண்டு ஊருக்கும் விமானம் உண்டு. ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்ப ஆளுக்கு 14,000 யென்னுக்கு மேல் ஆகும், அது மிச்சம், அதோடு அரை நாளும் மிச்சம்.

சரி, பாஸ். பழைய யூடியூப் வீடியோக்களில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பார்கள், அப்போது அது சரி. 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். மேலே சொன்ன திட்டத்துக்கு டோக்கியோ கியோட்டோ ஒருவழி டிக்கெட் 14,000 சொச்சம். கியோட்டோ போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து கான்சாய் ஹிரோஷிமா ஏரியா பாஸ் என்று 5 நாளைக்கு ஒன்று இருக்கிறது, 17,000 யென் அளவில். நாரா ரயில், ஒசாகாவின் புல்லட் ரயில் ஸ்டேஷனான ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை ஷின்கன்சென் எனும் புல்லட் ரயில், மியாஜிமா தீவுக்கு ஜே.ஆர். படகு, கடைசி நாள் விமான நிலையம் போகும் ஹருகா ரயில் எல்லாம் அதிலேயே அடங்கும். ஒன்று மட்டும் கவனம், கியோட்டோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் நடுவே அதில் ஷின்கன்சென் ஏறக்கூடாது, சாதாரண ஜே.ஆர். ரயிலில் அரை மணியில் போய் அங்கே மாறிக்கொள்ள வேண்டும். ஆக ஆளுக்கு 31,000 சொச்சம், இருவருக்கும் சேர்த்து 38,000 யென்னுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். இன்னொன்று, 50,000 கொடுத்து வாங்கும் அந்தப் பெரிய பாஸில் நொஸோமி ஏற வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும்!

ஃபுஜிக்காக ஹகோனேயில் ஒரு நாள் செலவழிக்க வேண்டியதில்லை. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது டி, இ இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரயிலில் ஒரு பக்கம் மூன்று பேர், மறு பக்கம் இரண்டு பேர். இருவர் உட்காரும் பக்கம்தான் மலைப்பக்கம், இ ஜன்னலோரம், அதை மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஷின் ஃபுஜி ஸ்டேஷன் வரும், நொஸோமி அங்கே நிற்காமல் பறக்கும். அந்த ஊர் முழுக்கக் காகித ஆலைகள், முதலில் புகைபோக்கிகளுக்கு மேலே மலை தலையை மட்டும் காட்டும், அடுத்த நிமிடமே ஃபுஜி ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது அடிவாரத்திலிருந்து உச்சிவரை எதுவும் மறைக்காமல் நிற்கும். பாலம் முடிந்தால் காட்சியும் முடிந்தது. போனை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள், காலை ரயிலாக இருந்தால் மேகம் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

சூட்கேஸ் விஷயம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால் ஷின்கன்சென்னில் பின்னால் இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நம் வீட்டுப் பெரிய சூட்கேஸ்களில் பாதி இந்த அளவை ஒட்டியே இருக்கும், டேப் வைத்து அளந்து பாருங்கள். இதைவிட நல்ல வழி டக்யூபின் என்ற கூரியர் சேவை. கியோட்டோ ஹோட்டல் வரவேற்பில் இரண்டு சூட்கேஸையும் கொடுத்து ஒசாகா ஹோட்டல் முகவரியை எழுதினால் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் ஒரு முதுகுப்பையோடு ஹிரோஷிமா, மியாஜிமா பார்த்து ஒரு இரவு தங்கி, திரும்பும் வழியில் ஹிமேஜியில் இறங்கிக் கோட்டையையும் பார்த்துவிட்டு வரலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

சாப்பாடுதான் உண்மையான தலைவலி. இறைச்சி இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் சூப், உடோன் நூடுல்ஸ், காய்கறிப் பொரியல் என்று பாதிக்கு மேல் தாஷி என்ற சாறு ஊற்றித்தான் சமைப்பார்கள், அதில் பெரும்பாலும் சூரை மீனைக் காயவைத்துச் சீவிப்போட்ட கருவாடு இருக்கும், நம் மாசிதான் கிட்டத்தட்ட. "மீன் தாஷியும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் போனில் எழுதிவைத்துக் காட்டுங்கள். கியோட்டோவில் கோயில் சைவச் சாப்பாடு கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் ஒரு வேளைக்கு நிச்சயம் தகும். ரயிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறிவிடாதீர்கள், டோக்கியோ ஒசாகா பாதையில் சாதாரண வகுப்பில் தள்ளுவண்டி விற்பனையை 2023 இலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனில் விற்கும் எகிபென் சாப்பாட்டு டப்பாக்களிலும் மீனோ கறியோ இல்லாதது அபூர்வம். உப்பில் ஊறவைத்த பிளம் வைத்த சோற்று உருண்டை எல்லா மினி கடையிலும் உண்டு, அதோடு சென்னையிலிருந்து கொண்டுபோகிற தட்டையும் புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும்.

அப்புறம், தம்பதியாகப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். கியோட்டோவில் ஒரு மதியத்தை ஆளுக்கொரு பக்கம் போவதற்கு விட்டுவைங்கள். என் வீட்டுக்காரர் ரயில் பைத்தியம், 2016 இல் திறந்த கியோட்டோ ரயில்வே மியூசியத்தில் 1914 காலத்து நீராவி எஞ்சின் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார், நான் நிஷிகி மார்க்கெட்டில் கத்தி கடையையும் ஊறுகாய் கடையையும் நிதானமாகப் பார்த்தேன். இரவு சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொல்ல அவ்வளவு கதை இருந்தது. பகல் முழுக்க ஒட்டிக்கொண்டே சுற்றினால் நான்காம் நாள் பேச விஷயமே இருக்காது.

விசா இப்போது ஸ்டிக்கர் இல்லை, 2024 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இருக்கிற நம்மவர்களுக்கு இ-விசா, வி.எஃப்.எஸ். மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை விமான நிலையத்தில் இணையத்தோடு போனில் திறந்து காட்டச் சொல்வார்கள், ஸ்கிரீன்ஷாட்டும் பிரிண்ட் அவுட்டும் செல்லாது. அதனால் இ-சிம்மைச் சென்னையிலேயே இருவர் போனிலும் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.