லண்டன் இசைக்குழு போர்ட்டிகோ குவார்டெட்டின் முதல் ஆல்பத்தில் மணிபோல் ஒலிப்பது எந்தக் கருவி?

அது ஹாங். 2000-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தது. இரண்டு எஃகு அரைக்கோளங்களை ஒட்டியது. மேலே நடுவில் ஒரு மேடு, சுற்றிலும் ஏழெட்டுச் சுரக் குழிகள். வெறுங்கையால் தட்டி வாசிக்கும் யோசனைக்கு நம் கடமும் ஒரு தூண்டுதல்!

நால்வர் குழுவின் இந்த ஆல்பம் (‘நீ-டீப் இன் த நார்த் சீ’, 2007) மறு ஆண்டே பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. இதில் ஹாங் வாசித்தவர் நிக் மல்வி.

ஒரு ஹாங்கில் ஒரே சுரவரிசைதான். பாட்டின் நடுவே வேறு சுரங்களுக்குத் தாவ முடியாது. அதனால்தான் மெட்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. பாட்டை முன்னே நகர்த்துவது சாக்ஸபோனும், தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் தந்தி வாத்தியமான டபுள் பாஸும். போன் ஸ்பீக்கரில் அந்த பாஸ் கரைந்துவிடும், வெறும் கிண்கிணிதான் மிஞ்சும். ஹெட்போனில் முதலில் பாஸை மட்டும் பின்தொடருங்கள்.