காவலுக்கு நிற்கும் கெட்டிக்காரி

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 41. எடை 104 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 சதவீதம் வந்திருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்கிறார் டாக்டர். என் குறட்டை தாங்காமல் மனைவி பக்கத்து அறையில் படுக்கிறாள். முப்பது கிலோ குறைக்க வேண்டுமாம், நடக்கிற காரியமா? ரிப்போர்ட் வந்ததிலிருந்து மனைவி உப்பையும் எண்ணெயையும் குறைத்து எல்லாவற்றையும் வேகவைத்தே போடுகிறாள். பாவம், அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள், 8 வயது மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்து வரும்போது வழியிலேயே பர்கர், பொரித்த சிக்கன், கூல்டிரிங்ஸ் என்று முடித்துவிடுகிறோம். மகள் கெட்டிக்காரி, அம்மாவிடம் மூச்சு விடமாட்டாள். மனைவி மனம் நோகக் கூடாதே என்று வீட்டுக்குப் போய் அவள் வைப்பதையும் சாப்பிட்டுவிடுவேன். எங்கள் குடும்பமே பருமன்தான். திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரம், ஆஃபர். இந்தக் கம்பெனிகள் மேல் யாரும் வழக்குப் போடக் கூடாதா? மனைவிக்குத் தெரியாமல் எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா? மன உறுதி வர ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, 104 கிலோ, 6.2, கல்லீரல், குறட்டை எல்லாம் எனக்குப் பழகியவைதான். மாதத்துக்கு நாலைந்து பேராவது இதையே எழுதுகிறார்கள். எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒரே கடிதம். உங்கள் கடிதத்தில் ஒரு சொல் மட்டும் புதிது. "கெட்டிக்காரி." போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எட்டு வயதுப் பிள்ளை அம்மாவிடம் மூச்சு விடவில்லை என்றால் அது தானாக வருகிற குணமா? அந்த வயதில் பள்ளியில் யார் பென்சில் உடைந்தது என்பது வரை அம்மாவிடம் ஒப்பித்தாக வேண்டும் பிள்ளைகளுக்கு. முதல் நாள் நீங்கள் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். "அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு" என்று ஒரு வார்த்தை. அல்லது காரைவிட்டு இறங்கும்போது வாயைத் துடைத்துவிட்டு ஒரு கண் சிமிட்டல். காகிதப் பையை எங்கே போடுவது, கையில் எண்ணெய் வாசனை போக என்ன செய்வது, அம்மா கேட்டால் ஏன் லேட் என்று சொல்வது என்று ஒவ்வொன்றாகப் பாடம் நடந்திருக்கிறது. பிள்ளை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். நீச்சலைவிட வேகமாகவே பிடித்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று கேட்கிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை சாப்பிடுவதைப் பெருந்தன்மை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை என்ன செய்கிறது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளும் உங்களைப் போல நிறைந்த வயிற்றின் மேல் இன்னொரு தட்டைக் காலி செய்கிறாளா? அல்லது "பசிக்கல" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் நீந்திவிட்டு வந்த பிள்ளைக்கு ஏன் பசிக்கவில்லை என்று அம்மாவிடம் திட்டு வாங்குகிறாளா? முதலாவது என்றால் அவள் வயிறு சொல்வதைக் கேட்காமல் இருக்கப் பழகுகிறாள். இரண்டாவது என்றால் உங்களுக்காக அடி தாங்குகிறாள். நீங்கள் எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். எனக்கு இந்த வேலை தெரியும், அதனால்தான். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இனிப்புக் கூடாது. ஒன்பது வயதில் நான்தான் அவருக்குக் காவல். வாசலில் நின்று அம்மா வருகிறாரா என்று பார்க்க வேண்டும். கூலியாகப் பாதி இனிப்பு எனக்கு. அப்பா என்னையும் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார், எனக்குப் பெருமை தாங்காது. பல வருஷம் கழித்து அவர் கால்விரலை எடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்துப் பார்த்துத்தானேடி சமைச்சேன், எங்க தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அம்மா போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. தன் கை சமையல்தான் அவரைக் கெடுத்தது என்று நினைத்தபடியே போனார்.

உங்கள் மனைவிக்கு இப்போதே அந்தச் சந்தேகம் வந்திருக்கும். எண்ணெயைக் குறைத்தார், எடை இறங்கவில்லை. உப்பைக் குறைத்தார், இறங்கவில்லை. அடுத்து எதைக் குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் போடுகிற கணக்கில் வாரத்தில் மூன்று நாள் ஒரு முழுச் சாப்பாடே வரவில்லை, கூட்டல் எப்படிச் சரியாக வரும்? பர்கர், பொரித்தது, பானம் சேர்ந்தால் ஆயிரம் கலோரி சர்வசாதாரணம். டாக்டருக்கும் இதே பொய்க்கணக்குத்தான் போகிறது. பத்தியம் இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் அவர் மாத்திரை எழுதுவார், வேறென்ன செய்வார்?

மனம் நோகக் கூடாது என்று இரண்டாவது தட்டைச் சாப்பிடுகிறீர்களாம். உப்பு போதவில்லை என்று சொல்ல வாயில்லாத மனிதருக்கு, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாப்பிட மட்டும் வண்டி இருக்கிறது. அவர் உங்களுக்காக அந்தச் சப்பென்ற சாப்பாட்டைத் தானும் சாப்பிடுகிறார் என்பதை "பாவம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவருக்கு ஒரு நோயும் இல்லை, தம்பி. உங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, கம்பெனிகளுக்கு வருகிறேன். வழக்குப் போடக் கூடாதா என்று கேட்டீர்கள். போட்டிருக்கிறார்கள். 2002-இல் நியூயார்க்கில் இரண்டு பதின்வயதுப் பெண்களுக்காக மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் அதைத் தள்ளுபடி செய்தார். அளவுக்கு மேல் தின்றால் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலே தின்பவர் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். அப்புறம் மேல்முறையீடு, திருத்திய மனு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கரையேறவில்லை.

அந்த நீதிபதி சொன்னதை நான் முழுசாக ஏற்கவில்லை. கம்பெனிகள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்துச் செய்த ஆய்வொன்று 2019-இல் வெளியானது. இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்தித் தயாரித்து வருகிற வகை உணவு, இரண்டு வாரம் வீட்டில் சமைப்பது மாதிரியான உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் வகையைச் சாப்பிட்ட நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு நாளைக்கு 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்ற வகையில் அதே அளவு இறங்கியது. அவர்கள் எல்லோரும் மன உறுதி இல்லாதவர்களா? உணவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மெல்ல வேலையில்லாமல், போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும்படி.

ஆகவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் திட்டப் போவதில்லை. பசியோடு அந்தக் கடை வாசலில் நின்றால் யாருக்கும் இருக்காது. பருமன் உங்கள் குடும்பத்து உடல்வாகு என்றால் அதற்கும் திட்டமாட்டேன், பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டுதான். ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் மகளைப் பொய் சொல்ல வைக்கவில்லை. மனைவியிடம் மறைக்கச் சொல்லி எந்த விளம்பரத்திலும் வரவில்லை. இது முழுக்க நீங்களே செய்தது.

உங்கள் மகளின் பங்கையும் கணக்குப் பாருங்கள். 330 மில்லி கூல்டிரிங்ஸ் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒன்பது தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அன்றாடக் கலோரியில் சேர்த்த சர்க்கரை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று வைத்தால், அந்தப் பத்து சதவீதம் 37 கிராம் அளவுதான். ஒரு கேனோடு அவள் நாள் முடிந்தது. உங்கள் குடும்ப உடல்வாகு அவளுக்கும் இருக்கிறதுதானே? பெரியவர் தன் வாய்க்குத் தான் பொறுப்பு. எட்டு வயதுக்காரியின் வாய்க்கு யார் பொறுப்பு?

ஊசி விஷயம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர், நான் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை, பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் செமாக்ளுடைட் என்ற எடை குறைப்பு ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. நீண்ட நாள் துணையாக இருக்க வேண்டிய மருந்து அது. அதையும் மனைவிக்குத் தெரியாமலா? ஊசியை எங்கே ஒளிப்பீர்கள், மகளின் நீச்சல் பையிலா?

முப்பது கிலோவை நினைத்து மலைக்காதீர்கள். உங்கள் 6.2 இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, அதற்கு முந்தைய படி. இந்தப் படியில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி, இவ்வளவுதான் அவர்களுக்கு வைத்த இலக்கு. மூன்று வருஷ அளவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது ஏழு கிலோ சொச்சம். அந்த மூன்று நாள் ரகசியச் சாப்பாட்டிலேயே அதில் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. குறட்டைக்கும் டாக்டரிடம் தனியாகப் பரிசோதனை கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்ப்பார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

இனி செய்ய வேண்டியது. இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். மகள் தூங்கிய பிறகு, முழுதாக. "எப்பவாவது ஒரு தடவை" என்று குறைத்துச் சொல்லாதீர்கள், வாரம் மூன்று நாள் என்றே சொல்லுங்கள். கோபப்படுவார். படட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் வேகவைத்தே தீர வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு வரை பாதகமில்லை. அளவான எண்ணெயில் வதக்கலாம், வறுக்கலாம், புளிப்பும் காரமும் சேர்த்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் நீங்களே அடுப்படிக்குப் போங்கள். குறை சொல்ல அப்புறம்தான் தகுதி வரும்.

மறுநாள், மனைவி பக்கத்தில் இருக்கும்போது, மகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். "அம்மாகிட்ட மறைக்கச் சொன்னது அப்பா செஞ்ச தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். "நாம செஞ்ச தப்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளைப் பங்காளி ஆக்காதீர்கள். அவள் அழுதால் பேச்சை மாற்றாதீர்கள்.

பர்கரை அடியோடு தடை செய்யச் சொல்லவில்லை. தடை போட்டதன் மேல்தான் பிள்ளைகளுக்கு ஆசை கூடும், உங்களுக்கும்தான். எப்போதாவது மூன்று பேருமாகப் போய், மேஜையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிடுங்கள். வகுப்பு நாட்களில் காரில் பழமும் வேர்க்கடலையும் தண்ணீரும் இருக்கட்டும், நீந்திவிட்டு வரும் பிள்ளைக்கு உண்மையிலேயே பசிக்கும். வேறு பாதை இருந்தால் அந்தக் கடை இல்லாத பாதையில் வாருங்கள், பத்து நிமிடம் கூட ஆனாலும்.

முதல் நாள் அவள் அந்தத் திருப்பத்தை ஜன்னல் வழியே பார்ப்பாள், அப்பா ஏன் திரும்பவில்லை என்று கேட்பாள். காரணத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அவள் அம்மாவிடம் போய் ஒப்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

மனைவியிடம் சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம், நானும் இந்த ரகசியத்தில் ஒரு ஆளாக இருக்க விரும்பவில்லை.