அபராதமும் தண்டனைதான்

கேள்வி: 2022-இல் நடந்த ஒரு கைகலப்பில் என்மீது வழக்குப் பதிவானது. ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்றார் வழக்கறிஞர். தேர்வுக் கட்டணம் என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிய பணத்தில் 1,000 ரூபாய் கட்டினேன். இப்போது அரசு வேலை கிடைத்திருக்கிறது. 'நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா?' என்று படிவத்தில் கேட்கிறார்கள். சிறைக்குப் போகாததால் 'இல்லை' என்று எழுதலாம் அல்லவா?

பதில்: எழுதக் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு மரண தண்டனையில் தொடங்கி அபராதம் வரை எல்லாவற்றையும் தண்டனை என்றே வரிசைப்படுத்தியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அபராதம் தண்டனைதான். நீங்கள் ஒப்புக்கொண்டதை ஏற்று, உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகே நடுவர் அந்தத் தொகையை விதித்தார். போக்குவரத்து விதிமீறலுக்கு அதிகாரியிடமே கட்டி, நீதிமன்றம் ஏறாமல் முடித்துக்கொள்ளும் சமரசக் கட்டணம் வேறு. அதில் தீர்ப்பே கிடையாது.

தேர்வுக் கட்டணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. பிள்ளை படிக்கிறான் என்று நம்பிப் பணம் எடுத்துக் கொடுத்தவருக்கு, அது நீதிமன்றத்துக்குப் போனது இன்றும் தெரியாது என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். நாளை முன்வரலாறு விசாரிக்கக் காவலர் வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்கும் அம்மா 'என் பிள்ளைமீது எந்த வழக்கும் இல்லை ஐயா' என்று மனதாரச் சொன்னால், அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தவர் நீங்கள்தானே? பெற்றவளைத் தன் பொய்க்குச் சாட்சியாக நிறுத்துவதைவிடப் பெரிய கடமைத் தவறு ஒரு மகனுக்கு உண்டா?

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிவத்தில் தரும் விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. மறைக்கப்பட்டது சிறு குற்றமாக இருந்தால் பொறுத்துக்கொள்வது வேலை கொடுப்பவரின் விருப்பத்துக்கு உட்பட்டது. உண்மையைச் சொன்னவரையும் முன்வரலாற்றைப் பார்த்து நிராகரிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆகவே வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடுவிக்கும்படி அன்றே நீதிமன்றத்தைக் கேட்டிருக்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. விரைவாக முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் அதைக் கேட்காமலேயே விட்டுவிட்டீர்கள்.

'ஆம்' என்று எழுதி, வழக்கு எண், சட்டப்பிரிவு, அபராதத் தொகை மூன்றையும் குறிப்பிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அம்மாவை உட்காரவைத்து அந்த நகலை முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.