பெற்றோல் கெப்பில் பி0420 விழுகிறது, லோட் இழுக்கவில்லை: கற்றலிற்றிக் கொன்வேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: 2.7 லீற்றர் பெற்றோல் டபுள் கெப், மாங்குளம் - ஒட்டுசுட்டான் பக்கம் நெல்லும் உரமும் ஏற்றி ஓடுகிறது. எஞ்சின் லைற் எரிகிறது, ஸ்கானரில் பி0420 (P0420) என்ற பழுதுக் கோட். லோட் ஏற்றினால் இழுவை இல்லை. ஒரு கராச்சில் கொன்வேட்டரை, அதாவது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள்; இன்னொரு கராச்சில் உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பி0420 ஒரு பழுது, இழுவைக் குறைவு இன்னொரு பழுதாக இருக்கலாம். கொன்வேட்டரின் சுத்திகரிக்கும் திறன் குறைந்துவிட்டது என்பதை மட்டுமே அந்தக் கோட் சொல்கிறது. திறன் போன கொன்வேட்டரிலும் புகை தாராளமாகப் போகும். வண்டி நன்றாகவே இழுக்கும். இழுவை போவது உள்ளே இருக்கும் செராமிக் உருகியோ உடைந்தோ வழியை அடைக்கும்போதுதான். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்கானரில் வேறு கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பி0300 முதல் பி0304 வரை ஏதாவது இருந்தால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை. எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. வெப்பம் ஏறி ஏறி செராமிக்கே உருகத் தொடங்கும். எஞ்சின் லைற் மினுங்கினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது இதற்காகத்தான். மிஸ் அடிப்பது எந்த சிலிண்டரில் என்று அறிய, பிளக்குக்கு மின் கொடுக்கும் கொயிலை இடம் மாற்றுங்கள்: 2ஆம் சிலிண்டர் கொயிலை 3க்குப் போட்டதும் பி0302 போய் பி0303 வந்தால் பழுது கொயிலில். கோட் நகராமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்ற வரிசையில் தேடுங்கள்.

அடுத்தது ஃபியூவல் ட்ரிம், அதாவது எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. எஞ்சின் சூடான பின் ஷோர்ட், லோங் இரண்டையும் கூட்டினால் கூட்டல் 10, கழித்தல் 10 வீதத்துக்குள் நிற்க வேண்டும். வன்னியின் கிரவல் றோட்டில் ஓடும் வண்டிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எயார் ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாகப் பூட்டாவிட்டால் செம்புழுதி காற்றளவு சென்சரில் படியும். சென்சர் காற்றைக் குறைத்துக் காட்ட, கலவையில் பெற்றோல் போதவில்லை என்ற பி0171 விழும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். கார்ப் கிளீனர் அடித்தால் சென்சரே போய்விடும்.

எஞ்சின் ஒயில் குடிக்கிறதா, கூலன்ற் குறைகிறதா என்பதையும் விடக்கூடாது. ஒயிலில் உள்ள பொஸ்பரஸ், கொன்வேட்டருக்குள் பூசியிருக்கும் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் மேல் படலமாகப் படியும். அந்தப் படலத்தை எந்த மருந்தும் கரைக்காது. தாங்கியில் ஊற்றினால் கொன்வேட்டர் சுத்தமாகும் என்று விற்கும் போத்தல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி சைலன்சர் குழாய். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்ரார்ட் செய்து, பின் குழாய் வாயைத் தடித்த துணியால் சில விநாடிகள் பாதி மூடுங்கள். கொன்வேட்டருக்கு முன்னே ‘சுஸ்’ என்று சத்தம் வந்தாலோ, இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலோ காஸ்கட் போயிருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இழுபட்டு ஒக்சிசன் சென்சரை ஏமாற்றும். நல்ல கொன்வேட்டருக்கும் பி0420 விழும். மலிவான காஸ்கட் ஒன்றோடு முடிந்துவிடக்கூடிய பழுது இது.

இவையெல்லாம் சரியென்றால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, 2,500 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டு, கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள ஒக்சிசன் சென்சரின் லைவ் டேற்றாவை ஸ்கானரில் பாருங்கள். 0.6 - 0.7 வோல்ற் அளவில் அசையாமல் நின்றால் கொன்வேட்டர் வேலை செய்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் அதன் காலம் முடிந்தது. முன் சென்சரோடு ஒப்பிடச் சொல்வார்கள்; ஆனால் புதிய ரொயோட்டாக்கள் பலவற்றில் முன்னால் இருப்பது எயார்ஃபியூவல் சென்சர், அது இப்படி ஆடாது. பின் சென்சரை மட்டும் நம்புங்கள்.

அடைப்புக்கு வேறு சோதனை. முன் சென்சரைக் கழற்றி (பெரும்பாலும் 22 மி.மீ. சாவி) அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பூட்டுங்கள். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்கு மேல், 2,500இல் 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் அடைப்புத்தான். கேஜ் இல்லையா? சென்சர் கழற்றியபடியே சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் விடை கிடைத்தது. நெருப்புச் சூட்டுப் புகை அந்தத் துளையால் பாயும். பக்கத்து வயர்களை ஒதுக்கிக் கட்டுங்கள். குளிர்ந்த பின் ரப்பர் சுத்தியலால் தட்டிக் கலகலத்தால் உள்ளே உடைந்திருக்கிறது. மாரியில் வெள்ளம் பாயும் பாலங்களைச் சூடான வண்டியோடு கடந்தவர்களுக்கு இது வரலாம்.

மாற்றுவதென்றால், முதல் நாள் இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கி அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டால் ஸ்ரட் முறியும். கொன்வேட்டரில் உள்ள அம்புக்குறி வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். காஸ்கட் எல்லாம் புதிது. சென்சரின் புரியில் மட்டும் அன்ரிசீஸ் (புரி இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை), நுனியில் படக்கூடாது. வெல்டிங் பிடிப்பதானால் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். மிக மலிவான புதிய கொன்வேட்டர்களில் உலோகப் பூச்சு குறைவு. சில மாதத்தில் பி0420 திரும்ப வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், நல்ல நிலையிலுள்ள பாவித்த ஒறிஜினல் அதைவிட மேல், ஆனால் வெளிச்சம் பிடித்து உள்ளே தேனடைத் துளைகள் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

இடித்து எடுக்கும் யோசனைக்கு: இழுவை வரும், ஆனால் லைற் அணையாது, மணமும் சத்தமும் கூடும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் (சிஓ), எரியாத ஹைட்ரோகார்பன் (எச்.சி.) அளவு ஏறும். அந்தச் செராமிக் தூள் சுவாசத்துக்கும் கூடாது. கழற்றிய பழைய கொன்வேட்டரைக் கராச்சில் விட்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் உலோகங்களுக்கு நல்ல விலை உண்டு. பழைய இரும்பு நிறைக்குக் கொடுத்தால் நட்டம் உங்களுக்கு.